ஜெய்ப்பூரிலிருந்து ஊர் திரும்பிய நாள்

வெளியூர்ப் பயணத்தில் கணவன் மனைவிக்குள் வரும் மனத்தாங்கல் பெரும்பாலும் கடைசி நாளில்தான் வருகிறது என்பது என் கணிப்பு. பார்க்க விட்டுப்போன இடங்கள், வாங்க விட்டுப்போன பொருள்கள், அறையைக் காலி செய்ய வேண்டிய கெடு, பிடிக்க வேண்டிய விமானம் ஆகிய அத்தனையும் ஒரே பகலுக்குள் வந்து நெருக்கும்போது, அதுவரை விட்டுக்கொடுத்து வந்தவர்களும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கத் தொடங்குகிறார்கள். ஜனவரி இறுதியில் நானும் என் கணவரும் ஜெய்ப்பூருக்குச் சென்றிருந்தபோது, கடைசி நாளிலிருந்து எதையெல்லாம் கழற்றிவிடலாம் என்று முந்தைய இரவே உட்கார்ந்து பேசிவிட்டோம். அந்தப் பேச்சும் அதன்படி நடந்த பகலும், அந்த ஊருக்கோ அதைப்போன்ற பழைய நகரம் ஒன்றுக்கோ போகிறவர்களுக்குப் பயன்படும் என்று தோன்றுவதால் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் பட்டியலில் அப்போது மிச்சமிருந்தவை கொஞ்சநஞ்சமல்ல. கல்தா மலையிடுக்கில் இருக்கும் கோயில்களும் குளங்களும், திரிபோலியா பஜாரில் 1749-இல் ஈஸ்வரி சிங் கட்டிய ஈசர்லாட் கோபுரம், கைட்டோரில் உள்ள அரசர்களின் நினைவு மண்டபங்கள், ஆல்பர்ட் ஹால் அருங்காட்சியகம், சங்கானேரின் துணி அச்சுப் பட்டறைகள், இவை போதாதென்று எனக்கு வளையல் கடைகள். “ஏங்க, எல்லாத்துக்கும் ஓடினா எதையும் பார்த்த மாதிரி இருக்காது. ஆளுக்கு ஒண்ணு சொல்லுவோம், அதுக்கு மட்டும் நேரம் ஒதுக்குவோம்” என்றேன். அவர் சற்றும் யோசிக்காமல், “ஜந்தர் மந்தருக்கு இன்னொரு தடவை போகணும். நாம போனப்ப மேகமா இருந்துச்சு, நிழலே விழல” என்றார். கல்லில் கட்டிய பழைய வானியல் கருவிகள் நிற்கும் இடம் அது. நான் அரக்கு வளையல் என்றேன். இருவருக்கும் பொதுவாக, விமான நிலையத்துக்குப் போகிற வழியிலேயே இருக்கிறது என்பதற்காகச் சங்கானேரைச் சேர்த்துக்கொண்டோம். மற்றவற்றையெல்லாம் அந்த இரவே கைகழுவிவிட்டோம். ஏற்கெனவே பார்த்த இடத்துக்கு மறுபடியும் போவதா என்று சிலருக்குத் தோன்றலாம். பட்டியலில் உள்ள இன்னொரு இடத்தை அவசரமாக எட்டிப் பார்ப்பதைவிட, ஏற்கெனவே வழி தெரிந்த, மனத்தில் நின்ற ஓரிடத்துக்குத் திரும்பப் போவதே கடைசி நாளுக்கு ஏற்றது என்பது என் கருத்து. அங்கே வழி விசாரிக்கவும் வரிசை எங்கே என்று தேடவும் நேரம் போகாது.

இப்படிக் கழித்துவிட்ட பின்னும் ஊரின் கிடப்பைப் பார்த்தே நாளை அமைக்க வேண்டும். இரண்டாம் சவாய் ஜெய்சிங் 1727-இல் தொடங்கி எழுப்பிய பழைய நகரம், நேர்கோட்டுத் தெருக்களும் சதுர வட்டாரங்களுமாக, கிட்டத்தட்ட நடுவில் இருக்கிறது. ஆமேர், ஜெய்கர், நாஹர்கர் ஆகிய மூன்று கோட்டைகளும் ஜல் மஹாலும் அதற்கு வடக்கே. விமான நிலையமோ தெற்கே, சங்கானேரில். ஆகவே வடக்கே உள்ளவற்றை முதல் நாள்களிலேயே முடித்துவிட்டு, கடைசி நாளில் பழைய நகரில் தொடங்கித் தெற்கு நோக்கி மட்டுமே நகர்வது நல்லது. காலையில் ஆமேர் கோட்டைக்குப் போய்விட்டு மாலையில் விமானம் ஏறலாம் என்று சொல்லும் ஓட்டுநர்கள் இருக்கிறார்கள், முடியாதது அல்ல. ஆனால் நகரைக் குறுக்கே கடக்கும் அந்தப் பயணம் முழுவதும் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நாங்கள் தங்குமிடத்தையும் இதே கணக்கில்தான் தேர்ந்தெடுத்திருந்தோம். பழைய நகரின் மதிலுக்குத் தெற்கே, எம்.ஐ. சாலையை ஒட்டி அறை எடுத்ததால், பழைய நகரிலிருந்து திரும்பும் வழியிலேயே பெட்டிகளை எடுத்துக்கொண்டு சங்கானேருக்குப் போக முடிந்தது.

நேரக் கணக்கைக் காலையிலிருந்து போடக் கூடாது. விமானத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். எங்கள் விமானம் இரவு 8 மணிக்கு. உள்நாட்டு விமானங்களுக்குப் பெட்டி பதியும் கவுன்டர் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடப்படுகிறது என்பதால் 7 மணிதான் உண்மையான கெடு. அதற்கும் ஒரு மணி முன்னதாக, 6 மணிக்கு நிலையத்தில் இருப்பது. அப்படியானால் சங்கானேரிலிருந்து 5.30-க்குக் கிளம்ப வேண்டும், அங்கே 4 மணிக்காவது போய்ச் சேர வேண்டும், தங்குமிடத்திலிருந்து 3.15-க்குப் புறப்பட வேண்டும். எனவே மதிய உணவு 1.30-க்குள் தொடங்கியாக வேண்டும். இவ்வளவையும் ஒரு தாளில் கீழிருந்து மேலாக எழுதிப் பார்த்தபோது, காலை 7 மணியிலிருந்து பகல் 1 மணி வரை மட்டுமே எங்களுக்கென்று இருப்பது தெரிந்தது. அந்த ஆறு மணி நேரத்துக்குள் எட்டு இடங்களை அடைக்க முயன்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தெற்கே செல்லும் டோங்க் சாலையில் மாலை நேர நெரிசல் நன்றாகவே இருக்கும். அந்த நெரிசலுக்கு முன்பே தெற்கே போய்விடுவது இந்தக் கணக்கின் இன்னொரு இலாபம்.

மாலை விமானத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. டிசம்பர், ஜனவரி மாதங்களில் வட இந்தியாவில் மூடுபனி பின்னிரவிலும் அதிகாலையிலும்தான் அடர்த்தியாக இறங்குகிறது. அதிகாலை விமானங்கள் தாமதமாவதும் அப்போதுதான். மாலை விமானம் என்றால் கடைசி நாளின் பகலும் கைக்கு வருகிறது, பனியின் தொல்லையும் பெரும்பாலும் இல்லை. ஆனால் காலையில் புறப்பட்டு வர வேண்டிய விமானம் தாமதமானால் அது மாலை வரை தொடரும் என்பதால், பகலில் ஒரு முறை விமானத்தின் நிலையைக் கைபேசியில் பார்த்துக்கொண்டோம்.

தங்குமிடத்துக் கணக்கை முந்தைய இரவே தீர்த்துவிட வேண்டும் என்பதை நான் கண்டிப்பாகச் சொல்வேன். காலை பத்து மணிக்கு வரவேற்பு மேசையில் நான்கைந்து குடும்பங்கள் ஒரே நேரத்தில் நிற்கும். ரசீதில் தண்ணீர் பாட்டில் கணக்கைச் சரிபார்க்கும் நேரம் அதுவல்ல. பெட்டிகளை மாலை வரை வைத்திருக்க அநேகமாக எல்லா விடுதிகளும் ஒப்புக்கொள்கின்றன. பூட்டிக் கொடுத்து அடையாள வில்லை ஒன்று வாங்கிக்கொண்டால் போதும். இரயிலில் திரும்புகிறவர்கள் நிலையத்துப் பொருள் வைப்பறையைப் பயன்படுத்தலாம். அங்கே பூட்டாத பையை எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பயணச்சீட்டையும் கேட்பார்கள். அறையை மாலை வரை அரை நாள் வாடகைக்கு நீட்டிப்பது வெயில் மாதங்களில் மட்டுமே பணத்துக்குப் பெறும். ஜனவரியில் வியர்வையே இல்லாதபோது அது வீண். நாங்கள் ஒரு தோள்பையில் மட்டும் அடையாள அட்டைகள், மருந்து, சார்ஜர், ஆளுக்கொரு மாற்றுச்சட்டை ஆகியவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒப்படைத்துவிட்டோம்.

சாமான் என்றதும் சிட்டி பேலஸ் அரண்மனையில் பார்த்த இரண்டு வெள்ளிக் கொப்பரைகள் நினைவுக்கு வருகின்றன. ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்குச் சற்றே குறைவு, எடை ஏறத்தாழ 345 கிலோ, கொள்ளளவு 4,000 லிட்டர். இரண்டாம் மாதோ சிங் 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு இலண்டனுக்குக் கப்பல் ஏறியபோது, குடிக்கவும் பூஜைக்கும் கங்கை நீரை இவற்றில் நிரப்பி எடுத்துச் சென்றார். பெட்டியின் எடையைப் பற்றி நான் கவலைப்பட்டபோதெல்லாம் என் கணவர் அந்த மகாராஜாவைத்தான் எடுத்துக்காட்டிக்கொண்டிருந்தார்.

காலை 7.30-க்கு ஹவா மஹாலின் எதிரே நின்றோம். 1799-இல் பிரதாப் சிங் கட்டுவித்த இந்த முகப்பு கிழக்கு பார்த்தது. ஆகவே அதன் நிறம் முழுமையாகத் தெரிவது காலையில்தான். பிற்பகலில் போகிறவர்கள் நிழல் படிந்த சுவரைத்தான் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஐந்து அடுக்குகள், 953 சிறு சாளரங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த நேரத்தில் போனால் தெருவில் வண்டிகள் குறைவாக இருப்பதால், எதிர்ச்சாரி நடைபாதையிலிருந்தே முழுக் கட்டடத்தையும் பார்த்துவிடலாம். எதிரே மாடியில் இருக்கும் சிற்றுண்டிக் கடைகளுக்கு ஏற வேண்டிய தேவையே இருக்காது. கடைகள் திறவாத அந்த வேளையில் இன்னொன்றும் தெளிவாகத் தெரிகிறது: 1876-இல் வேல்ஸ் இளவரசர் வந்தபோது தெருக்களுக்குப் பூசப்பட்டு, ‘இளஞ்சிவப்பு நகரம்’ என்ற பெயரைத் தந்த அந்தக் காவி கலந்த சிவப்பு, உண்மையில் இளஞ்சிவப்பே அல்ல, பழைய செங்கல் நிறம். கதவுகள் மூடியிருக்கும்போது, ஒரே உயரத்தில் ஒரே வடிவில் வரிசையாக ஓடும் கடை முகப்புகளையும் அவற்றின் மேல் எழுதப்பட்டிருக்கும் கடை எண்களையும் நிதானமாகப் பார்க்கலாம். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கடையின் பெயரைச் சொல்லி விசாரிப்பதைவிட, இன்ன பஜாரில் இத்தனையாம் எண் என்று கேட்டால் உடனே கைகாட்டுகிறார்கள்.

காலைச் சிற்றுண்டிக்கு வெங்காயக் கச்சோரி சாப்பிட்டோம். ஒன்றை இருவர் பகிர்ந்துகொள்வதே சரியான அளவு. கடைசி நாளில் வயிற்றைச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

அறையைக் காலி செய்துவிட்டு 11 மணிக்குத் திரிபோலியா வாயிலருகே பிரிந்தோம். பிரிந்தோம் என்பதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். கணவனும் மனைவியும் விடுமுறையில் எந்நேரமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. வளையல் கடையில் நான் உட்கார்ந்திருக்கும் ஒரு மணி நேரமும் அவர் வாசலில் நின்று கைபேசியைப் பார்ப்பதும், நிழல் அளக்கும் அவர் பக்கத்தில் நான் கொட்டாவி விடுவதும் யாருக்கும் நல்லதல்ல. ஒன்றரை மணி நேரம் கழித்து, ஜந்தர் மந்தரின் நுழைவாயிலுக்கு உள்ளே, சீட்டுச் சரிபார்க்கும் இடத்தை அடுத்த மர நிழலில் சந்திப்பது என்று பேசிக்கொண்டோம். கைபேசியில் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று விடாமல், இடத்தையும் நேரத்தையும் முன்பே முடிவு செய்துகொள்வதுதான் பாதுகாப்பு. அந்தச் சந்தடியில் மணி அடிப்பது காதில் விழாது. நுழைவுச்சீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆமேர், நாஹர்கர், ஹவா மஹால், ஜந்தர் மந்தர், ஆல்பர்ட் ஹால் ஆகியவற்றுக்குச் சேர்த்து அரசு கொடுக்கும் கூட்டுச்சீட்டு இரண்டு நாள்களுக்குச் செல்லும். ஓரிடத்தை இரண்டாம் முறை பார்க்க வேண்டுமானால் தனிச்சீட்டு எடுத்தாக வேண்டும். சிட்டி பேலஸ் அரச குடும்பத்தின் பொறுப்பில் உள்ளது என்பதால் இந்தக் கூட்டுச்சீட்டில் சேராது.

மணிஹாரோன் கா ராஸ்தா என்னும் சந்து திரிபோலியா பஜாரிலிருந்து தெற்கே பிரிகிறது. அரக்கு வளையல் செய்யும் மணிஹார் சமூகத்தாரின் தெரு அது. கடைக்குள்ளேயே பட்டறையும் இருக்கும். நான் உட்கார்ந்த கடையில் ஒரு முதியவர் கரி அடுப்பின் முன் சப்பணமிட்டு வேலை செய்துகொண்டிருந்தார். கோலின் முனையில் பிடித்திருந்த கரிய அரக்குக் கட்டியைத் தணலில் காட்டிக் காட்டி இளக்கினார். வேறொரு கோலில் இருந்த நிற அரக்கை அதே தணலில் சூடாக்கி, கரிய கட்டியின் மேல் மெழுகு தேய்ப்பதுபோல் ஒரே சீராகத் தேய்த்தார். நிறம் ஏறியதும், கைப்பிடி வைத்த மரக்கட்டையால் அதைப் பலகையில் உருட்டி உருட்டி மெல்லிய கயிறாக நீட்டினார். தேவையான நீளத்துக்கு வெட்டி, இரு முனைகளையும் சூட்டோடு ஒட்டி, கூம்பு வடிவ மர உருளையில் ஏற்றி, அளவு 2.6-க்கு வரும் வரை மெல்லத் தள்ளினார். இணைப்பு எங்கே என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே வளையலை என்னிடம் நீட்டினார். விரலால் தடவிப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. கண்ணாடிக் கற்களைப் பதிப்பது அவர் வீட்டுப் பெண்களின் வேலை. ஒவ்வொரு கல்லையும் இடுக்கியால் பிடித்துச் சூட்டில் காட்டி அழுத்துகிறார்கள்.

இந்த வளையல்களைக் கடைசி நாளில் வாங்கலாம் என்பதற்குக் காரணம், எடை குறைவு, இடம் அடைக்காது, அளவு சரியில்லையென்றால் அங்கேயே சூடு காட்டிச் சற்றுப் பெரிதாக்கித் தருவார்கள் என்பதுதான். என் நாத்தனாருக்கு வாங்கியதை அப்படித்தான் சரிசெய்துகொண்டேன்; அவருடைய பழைய வளையல் ஒன்றை அளவுக்கென்று கையோடு கொண்டு போயிருந்தது உதவியது. வாங்கியபின் வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிடக் கூடாது. அரக்கு இளகும் பொருள். கொதிக்கும் நீரும் ஆகாது. முழுக்கப் பிளாஸ்டிக்கில் வார்த்ததை அரக்கு என்று விற்பவர்களும் உண்டு என்பதால், செய்வதைக் கண்ணால் பார்த்த கடையிலேயே வாங்குவது மேல். ஜெய்ப்பூரின் பல கடைத்தெருக்களுக்கு ஞாயிறு விடுமுறை. உங்கள் கடைசி நாள் ஞாயிறாக இருந்தால் கடை வேலையைச் சனிக்கிழமையே முடித்துக்கொள்ளுங்கள்.

நவரத்தினக் கற்களை மட்டும் கடைசி நாளில் வாங்கவே கூடாது. கல் பட்டை தீட்டுவதில் உலகப் பெயர் பெற்ற ஊர்தான். ஆனால் கல்லின் தரத்தைப் பரிசோதிக்கவும், சான்றிதழ் பெறவும், மாற்றிக் கேட்கவும் நேரம் வேண்டும். விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்பது விற்பவருக்குத் தெரிந்த மறுகணம் பேரம் முடிந்துவிடுகிறது.

12.25-க்கு நான் ஜந்தர் மந்தருக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் சாம்ராட் யந்திரத்தின் கிழக்கே நின்றுகொண்டிருந்தார். 27 மீட்டர் உயரமுள்ள அந்தச் சாய்வுச் சுவர் உலகின் மிகப் பெரிய கற்சூரியக் கடிகாரம். அதன் சாய்வு கிட்டத்தட்ட 27 பாகை. ஜெய்ப்பூரின் அட்சரேகையும் அதுவே. ஆகவே சுவரின் விளிம்பு வானத்தின் வடதுருவத்தை நோக்கியிருக்கிறது. இரு பக்கமும் பளிங்கில் வளைந்து நிற்கும் அளவுகோல்களில் காலையில் மேற்குப் பக்கமும், பிற்பகலில் கிழக்குப் பக்கமும் நிழல் விழுகிறது. நிழல் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் நகர்கிறது. ஒரு கோட்டின் மேல் கண்ணை வைத்து நின்றால், நிழல் ஊர்வது வெறுங்கண்ணுக்கே தெரிகிறது.

ஆனால் நிழலின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இல்லை. சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் வட்டமாக இருப்பதால், கருநிழலுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே நாலு விரற்கடைக்கு மேல் மங்கல் பட்டை ஒன்று கிடக்கிறது. அங்கிருந்த வழிகாட்டி ஒருவர், அளவுகோலுக்குச் சற்று மேலே மெல்லிய நூல் ஒன்றை இழுத்துப் பிடித்து, அந்த நூலின் நிழல் மங்கலுக்குள் எங்கே மறைகிறது என்று பார்த்து விளிம்பைக் குறிப்பதைச் செய்து காட்டினார். என் கணவர் தன் பையிலிருந்து நூல் எடுத்துத் தானும் முயன்றார். நூலை ஊரிலிருந்தே கொண்டு வந்திருந்தார் என்பதை நான் அப்போதுதான் அறிந்தேன்.

அவர் இந்த நேரத்துக்காகக் காத்திருந்ததற்கு விளக்கம் எளிது. நம் கடிகாரங்கள் காட்டும் இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. ஜெய்ப்பூர் அதற்கு மேற்கே ஏறத்தாழ 6.7 பாகை தள்ளி இருப்பதால், அங்கே சூரியன் சராசரியாக 27 நிமிடம் பின்தங்குகிறது. அதோடு பூமியின் சுற்றுப்பாதை சீரான வட்டமல்ல என்பதாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் இந்த வேறுபாடு மாதத்துக்கு மாதம் மாறுகிறது. நவம்பர் தொடக்கத்தில் சுமார் 10 நிமிடமாகக் குறையும். பிப்ரவரி நடுவில் சுமார் 41 நிமிடமாகக் கூடும். நாங்கள் இருந்த ஜனவரி இறுதியில் அது 40 நிமிடத்துக்குச் சமீபம். ஆகவே சரியான உச்சிப்பொழுது 12-க்கு அல்ல, 12.40-க்கு. மேற்குப் பக்க அளவுகோலில் நிழல் மெலிந்து மெலிந்து சுவரோடு ஒட்டி மறைவதையும், சில நிமிடங்களில் கிழக்குப் பக்கத்தில் ஒரு கோடு தலைகாட்டுவதையும் இருவரும் சேர்ந்தே பார்த்தோம். எங்களைச் சுற்றி மூன்று சுற்றுலாக் குழுக்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போயிருந்தன. நிழல் பக்கம் மாறியதை அவர்களில் யாரும் நின்று பார்க்கவில்லை. ஜந்தர் மந்தருக்குப் போகிறவர்கள் வெயில் உள்ள நாளில், உச்சிப்பொழுதை ஒட்டி, தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

மதிய உணவுக்குப் போக ஏறிய ஆட்டோவின் ஓட்டுநர், வழியில் “ஐந்தே நிமிடம்” என்று ஒரு கம்பளக் கிடங்கின் வாசலில் வண்டியை நிறுத்தினார். கடைக்கு ஆள் கொண்டு வந்தால் அவர்களுக்குத் தரகு கிடைக்கும், ஊரறிந்த விஷயம். கடைசி நாளில் அந்த ஐந்து நிமிடம் முக்கால் மணி நேரமாக வளரும். நாங்கள் இறங்கவில்லை, என் கணவர் தனக்குத் தெரிந்த இந்தியில், “விமானத்துக்குப் போக வேண்டும், நேராகப் போனால் பேசிய கூலி, இல்லாவிட்டால் இங்கேயே இறங்கிக்கொள்கிறோம்” என்றார். வண்டி நகர்ந்தது. செயலியில் வண்டி பிடித்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஆனால் மதிலுக்குள் உள்ள சந்துகளில் வண்டி வந்து சேர நேரமாகும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

சாப்பிட்டு, பெட்டிகளை எடுத்துக்கொண்டு, மாலை வரைக்கும் பேசி அமர்த்திய வாடகைக் காரில் சங்கானேருக்குப் போனோம். பெட்டிகளோடு இறங்கி ஏற முடியாதென்பதால் கார் காத்திருப்பது அவசியம். காத்திருப்புக் கூலியையும் சேர்த்துத் தொகையை முன்பே பேசிவிட வேண்டும், ஓட்டுநரின் எண்ணையும் வண்டி எண்ணையும் இருவர் கைபேசியிலும் பதிந்துகொள்ள வேண்டும்.

சங்கானேரின் அச்சுத் துணிக்குப் புவிசார் குறியீடு உண்டு. வெள்ளைத் தரையில் நுணுக்கமான பூங்கொத்துகள் அதன் அடையாளம். நாங்கள் பார்த்த பட்டறையில், நீண்ட மேசையில் இழுத்துக் கட்டிய துணியின் மேல் ஓர் இளைஞர் மர அச்சை வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஒரு தட்டு தட்டி எடுத்துக்கொண்டே போனார். முதலில் கோடுகள், பின்னால் வருகிறவர் அதற்குள் நிறம். அச்சின் மூலையில் உள்ள சிறு புள்ளிதான் அடுத்த அச்சு எங்கே உட்கார வேண்டும் என்று காட்டுகிறது. கடையில் துணி வாங்கும்போது இதைத்தான் தேட வேண்டும்: கையால் அச்சிட்டதில் அச்சும் அச்சும் சேரும் இடத்தில் மயிரிழை விலகலோ, அந்தப் புள்ளியோ, நிறம் சற்றுக் கூடக்குறைய இருப்பதோ தெரியும். முழுத் துணியிலும் ஒரு பிசிறும் இல்லாமல் ஒரே மாதிரி இருந்தால் அது பெரும்பாலும் திரை அச்சு. அதுவும் நல்ல துணியாக இருக்கலாம். கையச்சின் விலையைக் கொடுக்கக் கூடாது, அவ்வளவே.

எடை இங்கேதான் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலான உள்நாட்டு விமானங்களில் பெட்டிக்கு 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. ரஜாய் எனப்படும் ஜெய்ப்பூரின் மெத்தென்ற பஞ்சுப் போர்வை எடையில் குறைவுதான், ஆனால் பாதிப் பெட்டியை அடைத்துக்கொள்ளும். கடைக்காரரிடம் சொன்னால் அழுத்திச் சுருட்டி இறுக்கிக் கட்டித் தருவார். நீல மட்பாண்டம் என்று நாம் சொல்வது உண்மையில் களிமண்ணே அல்ல. படிகக்கல் பொடியும் கண்ணாடித் தூளும் சேர்த்துப் பிசைந்தது. மெல்லிய தட்டல் போதும் விரிசல் விழ, ஆகவே துணிகளுக்கு நடுவே சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்வதே நல்லது. அலங்காரக் கத்தி, குறுவாள் வாங்கியவர்கள் அதைப் பெட்டியில் போட வேண்டும். பவர் பேங்க்கைப் பெட்டியில் போடவே கூடாது. எடை பார்க்கும் கையளவுத் தராசு ஒன்றை நாங்கள் எப்போதும் வைத்திருக்கிறோம். காரின் பின்பக்கத்தைத் திறந்து வைத்து அங்கேயே நிறுத்துப் பார்த்து, இரண்டு போர்வைகளை அவர் பெட்டியிலிருந்து என் பெட்டிக்கு மாற்றினோம். விமான நிலையத்துக் கவுன்டரின் முன்னால், பின்னே இருபது பேர் நிற்கும்போது பெட்டியைத் திறப்பதைவிட இது எவ்வளவோ மேல். 5.50-க்கு நிலையத்தில் இருந்தோம்.

என் நாத்தனார் குடும்பம் ஆகஸ்டில் ஜெய்ப்பூருக்குப் போகிறது. எங்கள் தாளைக் கேட்டார்கள். அப்படியே பின்பற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மழை மேகத்தில் சாம்ராட் யந்திரத்துக்கு நிழல் விழாது. அந்த நேரத்தை அவர்கள் ஆல்பர்ட் ஹாலுக்குக் கொடுக்கலாம். கூரைக்குள் இருப்பது, தெற்கே போகும் வழியிலும் இருக்கிறது. தீஜ் என்னும் மழைக்கால விழா அந்த நாள்களில் வந்தால் ஊர்வலம் திரிபோலியா வாயிலிலிருந்துதான் புறப்படும். அன்று அந்த வட்டாரத்தில் வண்டிகள் ஓடா என்பதால், வளையல் சந்துக்குக் காலையிலேயே போய்விட வேண்டும், பெட்டிகளை மதிலுக்கு வெளியே வைத்திருக்க வேண்டும். அந்தப் பருவத்துக்கே உரிய கேவர் என்னும் இனிப்பைப் பாலேடு ஊற்றாமல் வெறுமனே வாங்கினால் ஊர் வந்து சேரும் வரை கெடாது. பெட்டியில் வைத்தால் நொறுங்கிவிடும். கையில்தான் எடுத்து வர வேண்டும்.